கேட்டால் பொய் சொல்லாத நோயாளி

டாக்டர் முனிரத்தினம் போய்விட்டார் என்று பவானி போனில் சொன்னபோது நான் ரேணிகுண்டா ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு இருவருக்கும் ஒரே தேர்வு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டோம். அவரை அறிந்தவர்கள் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திருப்பதியில் மனநல மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு முனிரத்தினமும் நானும் தேர்வாளர்கள். எதிரே இருக்கும் நோயாளி யாரையாவது தாக்கக்கூடுமா என்று மாணவர்கள் பேசிப் பார்த்துக் கணிக்க வேண்டும். நோயாளியாக நடிப்பவர் முனிரத்தினம். மேசையைத் தட்டிக் கத்தினால் எல்லோரும் 'ஆபத்து அதிகம்' என்று எழுதுவார்கள். சிரித்துத் தலையாட்டினால் 'ஆபத்து இல்லை' என்பார்கள். "கம்முனு இருக்கறவன ஒருத்தரும் கேக்கறதில்லப்பா" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு விதி உண்டு. கேட்காததைச் சொல்ல மாட்டார். கேட்டால் பொய் சொல்ல மாட்டார்.

அந்த விதியால்தான் அப்போது மாணவியாக இருந்த பவானியிடம் மாட்டிக்கொண்டார். அன்று அவர் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "யார் மேலயாவது கோவமாய்யா?" என்று கேட்டாள்.

"தம்பி மேல. போர்வெல் தகராறு. வெட்டிடலாம்னு இருக்குது."

வெட்டுவது நடிப்பு. கோபம் நிஜம். புத்தூரில் இருந்த தம்பியோடு அவருக்குப் பல வருடங்களாகப் பேச்சில்லை.

"அவர் நம்பர் சொல்லுங்க" என்றாள். விதிப்படி நிஜ எண்ணையே சொன்னார். உடனே போன் போட்டாள். மறுமுனையிலும் தம்பியாக நடிக்க ஒரு தேர்வாளர் இருப்பார் என்று நினைத்தாளாம். "உங்க அண்ணன் ரொம்பக் கோவமா இருக்காரு. இன்னிக்கு அவர் எதிர்ல வராதீங்க" என்றாள்.

"எங்க அண்ணனா? எந்த ஆஸ்பத்திரில வச்சிக்கினு இருக்கீங்க?" என்று ஒரு குரல் பதறியது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஃபெயில் போடப் பேனாவை எடுத்தார். தேர்வறையிலிருந்து வெளியே போன் செய்தது ஒழுங்கீனமாம். பவானிக்கு அது கடைசி வாய்ப்பு. முனிரத்தினம் சாயங்காலம் வரை அவரை விடாமல் மன்றாடிக்கொண்டிருந்தார்.

அதற்குள் தம்பி பஸ் பிடித்து வந்துவிட்டார், வராதே என்று சொல்லியும். "என்னாண்ணா, பைத்தியம் புடிச்சிச்சா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அழுதார்.

முனிரத்தினம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தேர்வாளரைப் பார்த்தார். "ஆபத்து யாருக்குன்னு கண்டுபுடிச்சி அவன்கிட்டயே சொல்லிட்டா சார். இதுக்கு மேல நமக்கு என்னா பதில் வேணும்?"

பேனா மூடிக்கொண்டது. பவானி பாஸ்.

மயானத்தில் முனிரத்தினத்துக்குக் கொள்ளி வைத்தது அந்தத் தம்பிதான். "அந்தப் பொண்ணு போன் பண்ணலன்னா இன்னிக்கு ரோட்ல நின்னு பாத்துட்டுப் போயிருப்பேன் சார்" என்றார்.

முனிரத்தினத்தின் நடிப்பு எனக்கு வராது. விதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அடுத்த தேர்வில் நோயாளியின் நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும். சித்தூரில் இருக்கும் என் அக்காவும் நானும் அப்பாவின் சாவுக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. அவள் எண் எனக்கு மனப்பாடம். யாராவது கேட்க வேண்டுமே என்றிருக்கிறது.