வெறும் அடைப்புக்குறி

மருதனார்மடச் சந்தியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மரண அறிவித்தல்கள் போடும் இணையத்தளம் நடத்துகிறோம். இறந்தவரின் உறவினர் ஒவ்வொருவரும் எங்களுக்கு ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு ஒப்ஜெக்ட், ஒரு தகவல் பொதி. வீட்டார் படிவத்தில் நிரப்பி அனுப்பும் பெயர், உறவுமுறை, நாடு, உயிரோடு இருக்கிறாரா இல்லையா, அவ்வளவுதான். நான் எழுதிய டெம்ப்ளேட் என்ற பக்க அச்சு சேர்வரில் இருந்தபடி அவற்றைக் கோத்துப் பக்கமாக்கிவிடும். உயிரோடு இருந்தால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும்.

இயல்பிலேயே எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அறிவித்தல் ஒன்று ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். பேரனை விட்டுவிட்டீர்கள், மருமகன் ஜெர்மனி இல்லை சுவிஸ் என்று தொலைபேசி அலறிக்கொண்டே இருக்கும். அன்று காலை அழைத்தவர் கொழும்புத்துறைப் பெண் ஒருவர். தாய் இறந்துவிட்டார், பின்னேரம் அடக்கம்.

"தம்பி, என்ரை அண்ணைக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு கிடக்கு. ஆர் உங்களைப் போடச் சொன்னது?"

"உயிரோடை எண்ட இடத்திலை நீங்கள் ஒண்டும் போடேல்லை அக்கா. போடாட்டி அது இல்லையெண்டுதான் எடுக்கும்."

"எங்களுக்குத் தெரியாது தம்பி. சண்டை முடிஞ்ச நேரம் காணாமல் போனவர். அம்மா சாகுமட்டும் அந்தச் சொல்லை வீட்டிலை ஒருத்தரையும் சொல்ல விடேல்லை. இப்ப அவவின்ரை நோட்டீசிலையே கிடக்கு."

நிரப்பாமல் விட்ட ஆம்-இல்லைக் கேள்விக்கு ஜாவா தானாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளும். 'தெரியாது' என்பதற்கு அங்கே நான் இடமே வைக்கவில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு அது தோன்றாமல் போனதே என்று என்மீதே எரிச்சல் வந்தது.

அவசர அவசரமாக உயிரோடு என்று மாற்றிப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். அழைத்த அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் (இலங்கை), அவர் தம்பிக்குப் பக்கத்தில் (கனடா). அண்ணனுக்குப் பக்கத்தில் வெறும் அடைப்புக்குறி, உள்ளே ஒன்றுமில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. நாடு இல்லாவிட்டால் அடைப்புக்குறியும் வராமல் செய்ய ஒரு வரி போதும். அதைப் பாதி எழுதும்போதே மீண்டும் அழைத்துவிட்டார்.

"இப்ப சரி தம்பி."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, அந்த வெறும் அடைப்பை எடுத்துவிடுறன்."

அவருக்குப் பின்னால் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

"எடுக்காதையுங்கோ," என்றார். "எங்கை எண்டு தெரிஞ்சாப் பிறகு எழுதலாம்."

எழுதிய பாதி வரியை அழித்தேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது.