டிஜிடாலிஸ் சொட்டும் ஆடிக் காப்பும்

என் மனைவி முனியம்மாவுக்கு முதலில் வந்தது படபடப்பு. கல்மண்டபத்துக் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நெஞ்சுக்குள்ளே கோழி அடித்துக்கொள்கிறது என்றாள். பிறகு கால் வீங்கிற்று. படுத்தால் மூச்சு முட்டிற்று.

ராயபுரத்து டாக்டர் நாடி பார்த்து, இருதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்றார். டிஜிடாலிஸ் டிங்சர் (ஓர் இலையைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய மருந்து) எழுதிக் கொடுத்தார். பத்துச் சொட்டு, மூன்று வேளை, தண்ணீரில்.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குமட்டினாலோ பார்வை மாறினாலோ நிறுத்திட்டு உடனே வா" என்றார். தலையாட்டினேன். கூட்ஸ் ஷெட்டில் நாள் முழுதும் மூட்டை எண்ணுகிறவனுக்குச் சொட்டு எண்ணுவது பெரிதாகத் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. அம்மன் கண் திறந்தாள் என்று, ஆடியில் இருவரும் கையில் மஞ்சள் கயிறு காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம் இருந்தோம். காப்புக் கட்டிய வீட்டில் சாராயம் இருக்கலாமா? மருந்துப் புட்டியை முகர்ந்து பார்த்தேன். அதே நெடி. பக்கத்து வீட்டு அலமேலுவிடம் கொடுத்துவைத்தேன்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு வாயேன்" என்றாள் முனியம்மா.

"காப்பைப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

காப்பு அவிழ்த்தபோது கால் மறுபடி வீங்கியிருந்தது. அலமேலுவிடமிருந்து புட்டியைத் திரும்ப வாங்கி, விட்ட பத்து நாளை ஈடுகட்ட, வேளைக்கு இருபது சொட்டாகக் கொடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே செய்தது.

நாலாம் நாள் குமட்டுகிறது என்று சோற்றைத் தள்ளினாள். ஐந்தாம் நாள் சொன்னாள்: "இன்னாய்யா, எல்லாம் மஞ்சளா கீது. உன் வேட்டி, சோறு, சுவரு, எல்லாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆடி இன்னும் முடியவில்லை. ஆத்தா வந்துவிட்டாள் என்று கற்பூரம் ஏற்றி, வாசலில் வேப்பிலை செருகினேன். அலமேலு ஓடிவந்து முனியம்மா காலில் விழுந்தாள்.

"யக்கா, என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம்? சொல்லு."

"எனக்கு இன்னாடி தெரியும்? உன் மூஞ்சிகூடத்தான் மஞ்சளா கீது. பூசாமலே மினுமினுன்னு கீற, போ."

எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கும் மூன்று வேளை, இருபது சொட்டு.

மறுநாள் காலை எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். ஜட்கா வைத்து அதே டாக்டரிடம் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷத்துக்கு முப்பத்தாறு துடிப்பு.

"எவ்வளவு குடுத்தே?"

சொன்னேன்.

"மஞ்சளாத் தெரியுதுன்னு சொன்னாளா?"

"சொன்னா ஐயா. ஆத்தா வந்துட்டான்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. "அது மருந்துய்யா. மிஞ்சினா அப்படித்தான் காட்டும்" என்றார்.

இரண்டு நாள் கட்டிலருகே உட்கார்ந்து அவள் நாடியைப் பிடித்திருந்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தெருவே நடந்து வந்துவிடலாம்போல இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அடுத்தது வரவில்லை.

இந்த மருந்து உள்ள வீட்டாருக்குச் சொல்கிறேன். விட்ட வேளை விட்டதாகவே இருக்கட்டும். அடுத்த வேளையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். விரதமோ நோன்போ, முதலில் டாக்டரைக் கேளுங்கள். கேட்டால் சாமி கோபிக்காது. குமட்டலோ மஞ்சள் பார்வையோ கண்டால் கற்பூரம் தேடாதீர்கள். வண்டி தேடுங்கள்.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன். அம்மன்மேல் குறை இல்லை. அவள் எதுவும் சொல்லவில்லை, சொன்னது முனியம்மா. கும்பிட்டுக் கையை இறக்கும்போது விரல் தானாக என் மணிக்கட்டில் போய் நிற்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக, தவறாமல் அடிக்கிறது. அந்த ஒழுங்கைத்தான் பொறுக்க முடியவில்லை.