ஹார்லன் வாங்கிய நாலு துப்பாக்கி

ஹார்லன் ட்வெட்டிடம் மைல்ஸ் சிட்டியில் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. கேட்காததால் தப்பித்தவர்களும் யாருமில்லை. பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கோதுமை, மாடு, பழைய டிராக்டர் எல்லாவற்றுக்கும் வரப்போகும் விலையைச் சொல்லிவிடுவார். பலிக்காவிட்டால் சந்தைக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்பார்.

கிழக்கே ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை திவால் என்று செய்தி வந்தது. ஊரில் பாதிப் பேர் மான் வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள் செய்த ரைஃபிளைத்தான். ஹார்லன் அன்றைக்கே கடைக்குப் போய், மிச்சமிருந்த நாலையும் தலா ஐந்நூறு டாலருக்கு வாங்கி வந்துவிட்டார்.

"நாலு எதுக்கு? நீ சுடறது ஒரு தோள்ல வச்சுத்தானே?" என்றார் மனைவி இடெல்.

"இனிமே இதைச் செய்ய ஆளில்ல, இடெல். சரக்கு கம்மி, கேக்கறவன் ஜாஸ்தி. பாத்துக்கிட்டே இரு."

ஆச்சரியம், இந்த முறை பலித்தது. அடுத்த வேட்டைக் காலத்துக்குள் விலை ஆயிரத்தைத் தொட்டது. பக்கத்துப் பண்ணை மெர்ல் வந்து நின்றார்.

"ஒண்ணு குடுய்யா. தொள்ளாயிரம் கையில வச்சிருக்கேன்."

"அடுத்த வருஷம் வா, மெர்ல். ஆயிரத்தைந்நூறுக்குத் தர்றேன்," என்று அவர் முதுகில் தட்டி அனுப்பினார் ஹார்லன். அந்தத் தட்டலிலேயே மெர்லுக்கும் ஞானம் பிறந்துவிட்டது. வேறெங்கோ விசாரித்து, அதே தொள்ளாயிரம் வீதம் இரண்டு வாங்கிப் பதுக்கினார்.

பிறகு யாரோ ஒரு பணக்காரர் அந்தத் தொழிற்சாலையை வாங்கித் திறந்துவிட்டார். புதுத் துப்பாக்கி அறுநூறுக்குக் கடைக்கு வந்தது. பழையதைவிட நன்றாகவும் இருந்தது.

வசந்த காலத் துப்பாக்கிச் சந்தையில் ஹார்லன் மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, நாலையும் அடுக்கினார். நிமிர்ந்து பார்த்தால், மூன்று மேஜைக்கு ஒரு மேஜையில் அதே துப்பாக்கி. மாவட்டத்துப் புத்திசாலிகள் அத்தனை பேருக்கும் ஒரே யோசனை வந்திருந்தது. அடுத்த மேஜையில் மெர்ல்.

அன்று உண்மையாகவே வாங்க வந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீன் ஒருவர்தான்.

"உனக்குன்னா ஐந்நூத்தம்பது, டோரீன்," என்றார் ஹார்லன்.

"ஐந்நூத்தி முப்பது!" என்றார் மெர்ல்.

"நீ வாங்குனதே தொள்ளாயிரத்துக்குய்யா!"

"அது என் தலையெழுத்து. நீ உன் மேஜையப் பாரு."

"ஐந்நூறு!"

"நானூத்தி எண்பது!"

டோரீன் அவசரப்படவில்லை. கையிலிருந்த ஹாட் டாக்கை நிதானமாகத் தின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஹார்லனுக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இடெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானூத்தி எண்பதே குடு, டோரீன். கூட நான் போட்ட செர்ரி ஜாம் ரெண்டு பாட்டில்."

"நாலு பாட்டில்?"

"எடுத்துக்கோ."

"இது அநியாயம்," என்றார் மெர்ல். "எனக்கு ஜாம் போடத் தெரியாதுன்னு தெரிஞ்சே பண்றீங்க."

மிச்சம் மூன்றோடு இருவரும் வீடு திரும்பினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷம் தேர்தல், இடெல். துப்பாக்கிக்குத் தடை வரப்போவுதுன்னு ஒரு பேச்சு கிளம்பினாப் போதும், அதுக்குள்ள வாங்கிடணும்னு ஜனங்க ஓடி வருவாங்க..."

இடெல் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஹார்லன் தானும் சத்தத்தைக் கூட்டிப் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.