இங்க் காயும் வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு விசாரணை நடந்தது. விசாரித்தது என் மனைவி லலிதா. மாட்டிக்கொண்டது நான்.

"விரலைக் காட்டுங்கோ."

காட்டினேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பழுப்பாக ஒரு கறை. வருஷக்கணக்கில் சிகரெட் பிடித்தவனுக்கு எந்த இடத்தில் இருக்குமோ, அச்சாக அதே இடத்தில்!

"திரும்ப ஆரம்பிச்சுட்டேளா?"

"ஐயோ, இது இங்க் லலிதா!"

"இங்க்காம்..."

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

சில மாதங்களுக்கு முன் எனக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். விட்டேன். ஆனால் கைக்கு அதை யார் சொல்வது? சாப்பிட்டு முடித்தால் சட்டைப்பையைத் தடவும். போன் பேசினால் தடவும். பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தால், ஒரு வாக்கியம் எழுதிவிட்டு பால்கனிக்குப் போவேன். அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. திரும்பி வருவேன். மறுபடி போவேன்.

"குறுக்கயும் நெடுக்கயும் நடக்காதேள், எனக்குத் தலை சுத்தறது" என்பாள் லலிதா.

அடையாறில் இருக்கும் என் காலேஜ் நண்பன் ரவிதான் ஒரு வழி சொன்னான். அவனுக்கு போர்டு கேம் பைத்தியம். அதில் வரும் கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு — வீரன், மந்திரவாதி, வில்லாளி — அவனே பெயிண்ட் அடிப்பான்.

"கை சும்மா இருக்கறதுதானேடா உன் பிரச்சனை? இதைப் பண்ணு மச்சி" என்று ஒரு பெட்டி பொம்மைகளையும், பிரஷ், பெயிண்ட் வகையறாக்களையும் கொடுத்தனுப்பினான்.

பெயிண்ட் அடிக்கிறவரை பிரச்சனையில்லை. அதற்கப்புறம்தான் 'வாஷ்'. தண்ணீராக நீர்த்த கலர். பொம்மை மேல் முழுக்கத் தடவினால் மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் போய்த் தங்கும். அங்கியின் மடிப்பில், மூக்கின் ஓரத்தில், விரல் இடுக்கில் எல்லாம் நிழல் விழும். அதுவரை வெறும் பிளாஸ்டிக்காக நின்றது, சட்டென்று ஆளாகி நம்மைப் பார்க்கும். முதல்முறை எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் அது காய வேண்டும். காயும்வரை தொடக் கூடாது.

என்னைப் போய் அரைமணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால்? அதுவும் சென்னைப் புழுக்கத்தில் எங்கே சீக்கிரம் காய்கிறது! ஒருநாள் ஹேர் டிரையரை எடுத்து அடித்தேன். வாஷ் மொத்தமும் ஒரு பக்கம் ஓடி ஒதுங்கியது. இன்னொரு நாள் பாதி காய்ந்த கன்னத்தை பிரஷ்ஷால் சரிசெய்யப் போனேன். காபி டம்ளர் வைத்த மாதிரி வளையம் விழுந்தது.

ரவிக்குப் போன் போட்டேன். "தொடாதேன்னா தொடாதடா! எழுந்து வேற ரூமுக்குப் போ" என்று கத்தினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாஷ் தீர்ந்துவிட்டது. பெட்டியில் பழுப்பு இங்க் இருந்தது. இது இன்னும் அழுத்தமான சமாச்சாரம். நன்றாக நீர்க்கவைத்துத்தான் போட வேண்டும். தோலில் பட்டால் சோப்புக்கெல்லாம் மசியாது. மூட்டை சுமக்கும் வழிப்போக்கன் பொம்மை ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தடவினேன். கையில் வழிந்தது. துடைத்தேன். ரவி சொன்னபடியே வேறு ரூமுக்குப் போனேன். அங்கிருந்து பால்கனிக்கு. பால்கனியிலிருந்து... படியிறங்கித் தெருவுக்கு.

கால் தானாக லஸ் பக்கம் திரும்பி, பழைய பெட்டிக்கடை முன்னால் போய் நின்றது.

"இன்னா சார், ஆளயே காணோம்? ஊர்ல இல்லியா?"

நான் கேட்பதற்கு முன்பே என் பிராண்டில் ஒன்றை எடுத்து நீட்டினார் கடைக்காரர். எவ்வளவு பிரியம் பாருங்கள்! வாங்கிக்கொண்டேன். கயிற்றில் தொங்கிய லைட்டரைப் பிடித்தேன்.

பற்றவைக்கவில்லை. மனவுறுதி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பின்னாலிருந்து யாரோ "கொஞ்சம் தள்ளு சார்" என்றார். தள்ளினேன். லைட்டர் கையைவிட்டுப் போனது. அவ்வளவுதான். சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், ஸ்கூலிலிருந்து வந்த லலிதா காத்திருக்கிறாள்.

விசாரணை தொடர்ந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி காரிடார்ல தனியா உக்காந்திருந்தேனே... இன்னொரு தரம் என்னால முடியாதுன்னா."

எனக்கு ரோஷம் வந்தது. நான்தான் பிடிக்கவே இல்லையே! இங்க் பாட்டிலைத் திறந்தேன். "உன் கையை நீட்டு" என்றேன். அவள் கணக்கு டீச்சர், நிரூபித்தால்தான் நம்புவாள். விரலில் ஒரு சொட்டு விட்டேன். எழுந்து போய் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாள். கறை அப்படியே இருந்தது.

விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்கோ. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வழக்கில் ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டாமா? இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். மன்னிப்பு கேட்டுவிட்டாளே... அதைத்தான் தாங்க முடியவில்லை. பையிலிருந்து சிகரெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"பத்த வச்சேளா?"

"இல்லை."

"வைக்கணும்னுதானே வாங்கினேள்?"

"ஆமாம்."

அதை எடுத்து இரண்டாக ஒடித்தாள். குழாயில் நனைத்தாள். குப்பைக்கூடையில் போட்டாள். கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"செருப்பை மாட்டிண்டு வாங்கோ."

"எங்கே?"

"பொம்மை காயணுமோல்லியோ?"

சாந்தோம் வழியாகப் பட்டினப்பாக்கம் வரை நடந்தோம். நான் வேகமாக நடந்தேன். அவள் என்னைவிட வேகமாக நடந்தாள். மீன்கடைகள் வந்ததும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"வேண்டாம். சிகரெட் நாத்தத்துக்கு இது தேவலை."

இப்போதெல்லாம் நான் வாஷ் தடவி முடித்ததும் குரல் கொடுக்கிறேன். இருவரும் கிளம்பிவிடுகிறோம். சில நாள் பேசிக்கொண்டு, சில நாள் சண்டை போட்டுக்கொண்டு. கை இன்னும் பாக்கெட்டுக்குப் போகிறது. சில சாயங்காலங்களில் பெட்டிக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறோம். அவள் காரணம் கேட்பதில்லை.

அடியோடு விட்டாச்சா என்று விசாரிப்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது — இன்றைக்குப் பிடிக்கவில்லை.