நிலத்தோடு கட்டப்பட்டவர்

போன வருஷம் ஐப்பசி மழையின்போது நடந்தது இது. திருவிடந்தையில் எங்கள் வீட்டில் மருமகளுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண் இரண்டும் சிவந்து, காலையில் இமையைத் திறக்கவே வராது. அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

என் மகன் தவறிப்போன பிறகு அவள்தான் குடும்பத்தைப் பார்க்கிறாள். ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ஹோட்டலில் துணி மடிக்கிற வேலை. தபாலில் பட்டமும் படித்தாள். எல்லாம் தேறிவிட்டது, உலக வரலாறு மட்டும் நின்றுகொண்டே இருந்தது. பட்டம் வந்தால் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம் என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

"அத்த, நீங்க படிங்க. நான் கேட்டுக்கினே மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சம். பஸ் போர்டைக்கூட மனதுக்குள்தான் படிப்பேன். கதவைச் சாத்தினேன். கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பார்களே, அதனால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

கைடின் கடைசியில் அருஞ்சொற்கள் என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி நாடு தேடிப் போன காலத்து வார்த்தைகள். ஏகபோகம் என்றால் ஒரு சரக்கை விற்க ஒருத்தருக்கு மட்டுமே உரிமை.

"நம்ம தண்ணி கேன்காரன் மாதிரி. அவன் வச்சதுதான் ரேட்டு" என்றாள் அவள்.

மிளகாய் நம் ஊர்ச் செடியே இல்லையாம், அதுவும் கப்பலில் வந்ததாம்.

"அதுக்கு முன்னாடி மீன் கொழம்பு இன்னாத்தப் போட்டு வச்சாங்க?" என்று கேட்டேன்.

"மிளகுதான். பேச்ச மாத்தாம அடுத்தது படிங்க அத்த."

அடுத்தது, பண்ணையடிமை. 'உடையவரின் நிலத்தோடு கட்டப்பட்டவர். அவர் உத்தரவில்லாமல் அந்த நிலத்தை விட்டுப் போகக் கூடாது. மீறினால் தண்டனை' என்று இருந்தது. பாதியிலேயே எனக்குக் குரல் நின்றுவிட்டது.

"இன்னா அத்த, கம்முனு ஆயிட்டீங்க? எழுத்து புரியலையா?"

புரிந்ததுதான் சங்கடம். செய்யூர் பக்கம் ஒரு பெரிய வீட்டில் என் அப்பா படியாள். வருஷம் முழுக்க அவர்கள் நிலத்தில் வேலை, கூலி நெல்லாக அளப்பார்கள். நாங்கள் இருந்த குடிசையும் அவர்கள் இடத்தில்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கூவத்தூரில் சித்தப்பா வீட்டிலிருந்த ஆயா, அப்பாவைப் பெற்றவள், செத்துப்போனதாக ஆள் வந்து சொன்னார். அப்பா போய் உத்தரவு கேட்டார். உழவு நேரம். "ஓட்டி முடிச்சுட்டுப் போடா" என்றார்கள். மறு பேச்சில்லாமல் சேற்றில் இறங்கி ஏரைப் பிடித்தார். நான் வரப்பில் கஞ்சியோடு நின்று பார்த்தேன். வேலை முடிந்து அவர் நடந்தே கூவத்தூர் போய்ச் சேர்ந்தபோது புதைத்தே விட்டிருந்தார்கள்.

"பெத்த தாய்க்குக்கூடவா போவக் கூடாது? நீ பயந்தாங்கொள்ளி" என்று அப்பாவைக் கேட்டேன். அன்றிலிருந்து என் மனதில் அவர் கோழைதான். என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த அவமானம் என்று மூடியே வைத்திருந்தேன்.

அன்றைக்குச் சுவரைப் பார்த்தபடியே மருமகளிடம் சொன்னேன்.

"இது ரஷ்யாவப் பத்தி போட்டது அத்த. அங்க ஜனங்க கூட்டங்கூட்டமா இப்படித்தான் கெடந்துருக்காங்க. அவங்க எல்லாருமே கோழையா? தாத்தா மீறிப் போயிருந்தா அன்னிக்கே உங்கள குடிசைய விட்டுத் தொரத்தியிருப்பாங்க இல்ல?"

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதே இல்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கண்ணிலும் தண்ணீர். நோவினாலா, கேட்டதினாலா, தெரியவில்லை.

"மொகத்தத் திருப்புங்க, ஒட்டிக்கும்!" என்று அதட்டிவிட்டு, "அந்த வார்த்தைய இன்னொரு தபா படிங்க" என்றாள். இந்த முறை நிறுத்தாமல் வாசித்தேன்.

புத்தகம் முடிவதற்கும் எனக்குக் கண் ஒட்டிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், தனியாக உட்கார வைத்த மூலையில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள்.

"நாம அழுத வார்த்த வரவே இல்ல அத்த" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரிசல்ட் வந்தது, பாஸ். இப்போது ஆபீசில்தான் இருக்கிறாள்.

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவரிடம் போய் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இப்போதெல்லாம் அவரை நினைத்தால், உத்தரவு கேட்டுத் தலை குனிந்து நின்ற ஆள் எனக்குத் தெரிவதில்லை. நாள் முழுக்க ஏர் ஓட்டிய காலோடு, தாயைப் புதைத்திருப்பார்கள் என்று தெரிந்தும் கூவத்தூருக்கு நடந்த ஆள்தான் தெரிகிறார்.