போட்டோக்களை அழித்த ஒரு வரி

பௌர்ணமி அன்று மாலை நாலு மணிக்கு ஏழுமலை போன் செய்தார். "மேடம், சைட்டுல பேருங்க வருது. போட்டோ ஒண்ணுகூட வரல."

கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேடித்தரும் தன்னார்வலர் குழு அவருடையது. அவர்களுடைய வெப்சைட்டை வேங்கிக்காலில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நான்தான் செய்தேன். வழி தெரியாமல் நிற்பவர்களைப் பாதையில் உள்ள தன்னார்வலர்கள் போட்டோ எடுத்து அதில் ஏற்றுவார்கள். தேடுகிற குடும்பம் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையால் ஃபைல்களைக் காப்பி செய்து சலித்துப்போய், அந்த வாரம்தான், புரோகிராமின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் 'கிட்'டில் 'ஹூக்' என்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். நான் திருத்தத்தை சர்வருக்கு அனுப்பியதும், அதாவது புஷ் செய்ததும், அது தானாக ஓடி, சர்வரில் சைட்டைப் புதுப்பித்துவிடும். பழைய குப்பை தங்கக் கூடாது என்று 'கிட் கிளீன்' என்ற வரியையும் அதில் சேர்த்தேன். கிட்டில் பதிவாகாத ஃபைல்களை அது அழிக்கும். தன்னார்வலர்கள் ஏற்றும் போட்டோக்களும் கிட்டில் பதிவாகாதவை. அது எனக்கு உறைக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் சோதித்தபோது அழிவதற்குப் போட்டோக்களே இல்லை.

பௌர்ணமி அன்று மதியம் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திப் புஷ் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அழிந்த போட்டோக்களுக்கு பேக்கப் இல்லை. "எல்லாரையும் அவங்கவங்க போன்ல இருந்து திரும்ப ஏத்தச் சொல்லுங்க" என்று ஏழுமலையிடம் சொன்னேன். கூட்டத்தில் டவர் கிடைக்காமல் அது முடிய ஏழு மணி ஆனது.

அதற்குள் ஒருவர் இறந்துவிட்டார். ஞாபக மறதி உள்ள முதியவர், இதய நோயாளி. தன் பெயர்கூடச் சொல்லத் தெரியாது. காலையிலேயே கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவரை உட்காரவைத்துப் போட்டோ ஏற்றியிருக்கிறார்கள். மதியத்துக்குப் பிறகு 'பெயர் தெரியவில்லை' என்ற வரி மட்டுமே மிஞ்சியது. அவருடைய மகள் கலா சைட்டைப் பார்த்துவிட்டு, அப்பா அதில் இல்லை என்று நினைத்து பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு முதியவருக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாலைந்து நாள் கழித்து ஏழுமலையோடு கலா அலுவலகத்துக்கு வந்தார். அவர்கள் படியேறும்போதே முதலாளி என்னிடம், "சர்வர் ப்ராப்ளம்னு சொல்லிடும்மா, அது போதும்" என்றார்.

கலா உட்காரவில்லை. "எங்கப்பா போட்டோ அதுல இருந்துச்சாங்க?"

"காலைல இருந்துச்சுங்க. மதியம் நான் செஞ்ச வேலையில அழிஞ்சுபோச்சு. என் தப்புதாங்க."

"அப்பா மாத்திரை என் பையிலதான் இருந்துச்சு" என்றார் கலா. பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது போட்டோக்கள் சைட்டுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஹூக் முதலில் பேக்கப் எடுக்கும், பிறகுதான் எதையும் தொடும். பௌர்ணமி அன்று யாரும் புஷ் செய்வதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அழிக்கும் வரியை எழுதும் முன், அங்கே யாருடைய பொருள் இருக்கிறது என்று சர்வரில் போய்ப் பாருங்கள். அழித்துவிட்டால், கேட்க வருபவரிடம் நீங்களே சொல்லுங்கள்.