கோல் கம்பத்தடியில் சோற்றுருண்டை

கம்போடியாவின் நொம்பென் நகரில் தேசிய விளையாட்டரங்கில் படிகளைக் கூட்டும் வேலைக்குத் தாவி என்ற பெண் சேர்ந்தபோது, ஊர் சனம் பாதிகூடத் திரும்பி வந்திருக்கவில்லை. நாட்டைப் பிடித்து வைத்திருந்த கெமர் ரூஜ் ஆட்கள் விரட்டப்பட்ட மறுவருடம் அது. வேறு வேலைகளும் இருந்தன. அவள்தான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் கணவன் வுத்தா அங்கே கோல்கீப்பராக நின்றவன். அரங்கம் புத்தம் புதிதாக இருந்த காலத்தில், மேல்படியில் உட்கார்ந்து அவன் பாய்ந்து பந்து பிடிப்பதைப் பார்த்துத்தான் அவள் மனசைப் பறிகொடுத்தாள். நகரத்தையே காலி செய்யச் சொல்லிக் கெமர் ரூஜ் துப்பாக்கிக்காரர்கள் தெருவில் கத்திய அன்று, "அம்மாவைக் கூட்டிட்டு நீ முன்னாடி நட. டீம் பசங்களைப் பார்த்துட்டு நான் பின்னாலேயே வந்துடறேன்" என்று சொல்லித் தன் அணிக்காரர்களைத் தேடிப் போனான். வரவில்லை. அரங்கத்துக்குள் ஓட்டிச் செல்லப்பட்டவர்கள் யாரும் வெளியே வரவில்லை என்று வழியில் பேசிக்கொண்டார்கள். அவனும் அவர்களில் ஒருவன் என்றே அவள் நம்பினாள்.

வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அவள் அவனைப் பார்த்தாள். வெளிச்சம் சரியாக வராத விடியற்காலை. வடக்குக் கோலில், அவளுக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி ஒருவன் நின்றான். தாவி துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வெயில் வந்ததும் அங்கே யாருமில்லை.

அதன்பிறகு, செத்தவர்களுக்குச் சோறு போடும் ப்சும் பென் நாட்களில் ஊரார் விகாரைகளுக்குப் போக, அவள் எள் கலந்த சோற்றுருண்டையைக் கோல் கம்பத்தடியில் வைத்தாள். காவலாளி சிம் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, எலிக்கு விருந்தா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"விகாரையில போய்ப் போடறதுதானே?"

"அவரு அங்க எப்படி வருவாரு, சிம்? இங்கல்ல நிக்கறாரு."

மறுநாள் அவளுடைய உருண்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. "எங்க மாமாவும் இங்கதான்னு சொல்றாங்க" என்றான் சிம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வருடங்கள் ஓடின. ஒரு பந்தயத்துக்குப் பழைய ஆட்டக்காரர்களை அழைத்திருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த ஹொர்ன், ஒருகாலத்தில் வுத்தாவின் கோலுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடியவர், தாவியை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார்.

"நானும் அவனும் ஒண்ணாத்தான் தெற்க நடந்தோம், அக்கா. தாக்கேவ் பக்கம் கால்வாய் வெட்ட விட்டாங்க. காய்ச்சல். என் மடியிலதான் உயிர் போச்சு."

"அரங்கத்துக்கு அவரு வரலையா?"

"இங்க வந்திருந்தா நான் மட்டும் மிஞ்சியிருப்பேனா?"

அன்று அவள் அழவில்லை. மறுநாள் விடியலில் படியேறியவள் தன்னையறியாமல் வடக்கே பார்த்தாள். அதே முதுகு. அதே மடங்கிய முழங்கால். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. "அப்போ நீங்க யாரு?" என்று கேட்க நினைத்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை.

அந்த வருடம் ஹொர்னோடு தாக்கேவுக்குப் போய், கால்வாய்க் கரையில் வுத்தாவின் பெயரைச் சொல்லிச் சோறு வைத்து, வாய்விட்டு அழுது தீர்த்தாள். ஊர் திரும்பிய மறுநாளே கோல் கம்பத்தடிக்கும் உருண்டையோடு வந்தாள்.

சிம்முக்குப் புரியவில்லை. "இது யாருக்குக்கா?"

"தெரியல. இத்தன வருஷம் என் கையால சாப்பிட்ட மனுஷன். என் ஆளு இல்லன்னதும் பட்டினி போட்டுடறதா?"

வேலையை விட்ட பிறகும் ப்சும் பென் நாட்களில் அவள் தவறாமல் வந்தாள். பயம் மட்டும் கடைசிவரை விடவில்லை. கோலில் முதுகு காட்டி நிற்பவர் என்றைக்காவது அவள் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுவாரோ என்று, உருண்டையை வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு, நிமிர்ந்தே பார்க்காமல் வெளியே வந்துவிடுவாள்.